காற்றுக் குழந்தைகளும் தேறினார்கள்
(பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஐயா அவர்களே, மருத்துவர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசத்துக்கு அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை கொடுக்கலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். மூடிய அறைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பதுதான் அந்தச் சிகிச்சை. பலன், ஆபத்து என்று இரண்டையும் பேசத்தான் வந்தேன். 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.' எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை.

ஆழ்கடலில் மூழ்கி அவசரமாக மேலே வந்து அவதிப்படுபவருக்கு இது கைகண்ட சிகிச்சை. ஆட்டிசத்துக்கு? 2009-ல் அமெரிக்காவில் 62 குழந்தைகளிடம் சோதித்து, முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். அடுத்த ஆண்டே அங்கு வந்த இன்னோர் ஆய்வு, வித்தியாசம் இல்லை என்றது.

அப்புறம் தாய்லாந்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தலைவர் பொறுத்தருள வேண்டும். 60 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன். இன்னொரு பிரிவுக்கு, அழுத்தத்தை லேசாக மட்டும் கூட்டி, நாம் மூச்சுவிடும் இதே காற்று. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 20 தடவை. எந்தப் பிள்ளைக்கு எது போகிறது என்று பெற்றோருக்குத் தெரியாது. கடைசியில் ஆக்சிஜன் பிள்ளைகளின் பெற்றோர், தேறியிருக்கிறான் என்றார்கள். காற்றுப் பிள்ளைகளின் பெற்றோரும் அதையேதான் சொன்னார்கள்! மருத்துவர்கள் போட்ட மதிப்பெண்ணிலும் இரண்டு பிரிவும் ஏறியிருந்தது. நடுவே சொல்லும்படி வித்தியாசமில்லை.

அந்தப் பெற்றோர் யாரும் பொய் சொல்லவில்லையம்மா. பிள்ளை வளர்கிறான், ஆசையோடு பார்க்கிற கண்ணுக்குச் சின்ன மாற்றமும் தெரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காற்றுப் பிள்ளைகள் இல்லையென்றால் பெருமை முழுக்க ஆக்சிஜனுக்குப் போயிருக்கும். தீர விசாரிப்பது என்றால் இதுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வாளர்களும் 2016-ல் அலசிப் பார்த்து, பலனுக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். சில பிள்ளைகளுக்குக் காதில் அழுத்தக் காயம் ஏற்பட்டதையும் குறித்தார்கள்.

சரி, பிள்ளைக்கு எதுவுமே செய்யாமல் இருக்க முடியுமா? முடியாது. அதனால்தான் ஒன்றியத்துக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அரை மணி நேரப் பயிற்சிக்காக அன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ் இரைச்சலுக்குக் காதைப் பொத்தி அலறும் மகனை மடியில் இறுக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு வருகிறாள் ஒரு தாய். அவளிடம் ஆக்சிஜன் விற்பது சுலபம்.

அலுவலர் ஐயா, மனு உங்கள் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாத பெற்றோருக்கு இப்போது பின்வரிசையிலிருந்து நோட்டு வரும்.