ரெண்டு ஆன்டெனா மாட்டியும் வேன் டிவி ஏன் நின்னு நின்னு போகுது?

அடுத்த கேள்வி, மொரிஷியஸ்ல காத்ர் போர்ன் ஊர்ல வேன் ஓட்டுற ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. "அண்ணே, பின்சீட்டு ஆளுங்களுக்காக வேன்ல டிஜிட்டல் டிவி மாட்டுனேன். போர்ட் லூயிஸ் மோட்டார்வேல படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடுது. இன்னொரு ஆன்டெனா வாங்கி, ரெண்டு கேபிளையும் ஒரு ஜாயின்ட்ல சேர்த்தேன். முன்னவிட மோசமாயிடுச்சு. ஏன்?"

தம்பி, தப்பு ஆன்டெனால இல்ல. அந்த ஜாயின்ட்ல.

சிக்னல் டவர்ல இருந்து நேரா மட்டும் வர்றதில்ல. மலையில பட்டு, கட்டடத்துல பட்டு, பக்கத்துல போற பஸ்ஸுல பட்டும் வருது. இந்த அலைங்க கைகோக்குற இடத்துல சிக்னல் பலமா இருக்கும், ஒண்ண ஒண்ணு அடிச்சுக்குற இடத்துல பள்ளம் விழும். டிவி சிக்னல் 600 மெகாஹெர்ட்ஸ்ல வருதுன்னு வைங்க, அலைநீளம் 50 சென்டிமீட்டர். அப்போ பள்ளத்துக்குப் பள்ளம் சுமார் 25 சென்டிமீட்டர்தான், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல. சிவப்பு விளக்குல நிக்கிறப்ப படம் போயிருக்கும், வண்டிய லேசா நகத்துனா வந்துடும், பாத்திருப்பீங்க. 90 கிலோமீட்டர் வேகம்னா வினாடிக்கு 25 மீட்டர். கணக்குப் போடுங்க, வினாடிக்கு 100 பள்ளம் வரைக்கும் தாண்டுறீங்க! பழைய அனலாக்ல நிழல் விழும், புள்ளி புள்ளியா வரும், ஆனா ஆள் முகம் தெரியும். டிஜிட்டல்ல ஒரு அளவுக்குக் கீழ இறங்குனா ஒண்ணுமே இல்ல.

ரெண்டு ஆன்டெனா எதுக்குன்னா, ஒண்ணு பள்ளத்துல இருக்குறப்ப இன்னொண்ணு மேட்டுல இருக்கட்டும்னுதான். ஒவ்வொண்ணும் 100-ல 10 தடவை விழுதுன்னு வைங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம விழுந்தா, ரெண்டும் சேர்ந்து விழுறது 100-ல 1 தான். ஆனா எது நல்லா வருதுன்னு பாக்க ஒரு ஆள் வேணும்ல? அதுக்குத்தான் ஆன்டெனாவுக்கு ஒரு ட்யூனர், அதாவது சிக்னலப் பிடிச்சு எடுக்குற பாகம். டிவிபி-டி-ன்னு ஒரு டிஜிட்டல் டிவி ஒளிபரப்பு முறை, அதுல 8கே-ங்குற வகையில ஒரு சேனலுக்குள்ள 6817 குட்டி அலைங்க இருக்கு. இப்படி ரெண்டு ஆன்டெனாவையும் சேர்த்துப் பயன்படுத்துற பெட்டிக்கு டைவர்சிட்டி ரிசீவர்னு பேரு. நல்ல ரிசீவர் ஒவ்வொரு குட்டியையும் தனியா எடுத்து, ரெண்டு பக்கத்து ஏற்ற இறக்கத்தையும் நேர்படுத்தி, பலமா வந்ததுக்கு அதிக இடம் கொடுத்துக் கூட்டும்.

உங்க ஜாயின்ட் கண்ண மூடிக்கிட்டு ரெண்டையும் ஒண்ணா கொட்டுது. எதிரும் புதிருமா வந்துட்டா உள்ளயே அடிச்சுக்கிட்டுச் செத்துடும். ரோட்டுல இருந்த பள்ளம் போதாதுன்னு கேபிளுக்குள்ளயும் நீங்களே ஒண்ணு வெட்டியிருக்கீங்க.

இப்போதைக்கு அதக் கழட்டிட்டு ஒரே ஆன்டெனாவோட ஓட்டுங்க. ரிசீவர் மாத்தறப்ப பின்னாடி திருப்பிப் பாருங்க. ரெண்டு ஓட்டை இருக்குன்னு ஏமாறாதீங்க, சில பெட்டில ரெண்டாவது ஓட்டை அடுத்த டிவிக்குச் சிக்னல் அனுப்புறதுக்கு. உள்ள ரெண்டு ட்யூனரான்னு கேட்டு வாங்குங்க. ஒண்ண முன் கண்ணாடில, ஒண்ண பின் கண்ணாடில ஒட்டுங்க. நாலு விரல் இடைவெளில ரெண்டையும் ஒட்டி வெச்ச ஒரு வண்டியப் பாத்தேன், ரெண்டும் ஜோடியா சேர்ந்தே விழுது!

ஒண்ணு மட்டும், ஷாமரேல் மலைப்பாதைல ஏறுற மாதிரி வளைவுல மலை முழுசா மறைச்சுட்டா, நாலு ஆன்டெனா வெச்சாலும் பொறுக்கி எடுக்க அங்க எதுவும் இருக்காது. அந்த நேரத்துக்கு ஒரு பென்டிரைவ்ல பாட்டு வெச்சுக்குங்க.