பர்கண்டியில் எட்டு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்குக் குழுவாகச் சுற்றுலா போகப்போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, ‘எத்தனை ஊர்?’ என்றுதான். ஊர் கூடினால் கொடுத்த காசுக்குப் பழுதில்லை என்று நினைக்கிறோம். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் முறை ஐரோப்பா போனேன். பத்து நாளில் ஆறு நாடு. விடிவதற்குள் பெட்டியை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பாரிஸில் நோத்ர் தாம் தேவாலயத்தை பஸ் ஜன்னல் வழியாகத்தான் காட்டினார்கள். இறக்கிவிட நேரமில்லையாம். எத்தனையோ வருடம் சேர்த்துவைத்த பணம். இன்றும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அடுத்த முறை நானும் என் தங்கையும் வேறு மாதிரி போனோம். பிரான்சில் பர்கண்டி என்ற ஒரே வட்டாரம், எட்டு நாள், பதினெட்டுப் பேர் கொண்ட குழு. அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனால் டிஜோன். பர்கண்டியின் தலைநகரம் அது. 1363 முதல் 1477 வரை இங்கே ஆண்ட நான்கு பிரபுக்கள் பிரான்ஸ் மன்னருக்கே சவாலாக இருந்தவர்கள். இன்றைய பெல்ஜியத்தின் பெரும்பகுதியும் அவர்கள் கையில் இருந்தது. அந்தச் செல்வத்தின் மிச்சம்தான் டிஜோன் அரண்மனையும், இன்று நாம் பார்க்கப்போகும் மருத்துவமனையும்.

ஒரே வட்டாரத்தில் தங்குவதில் ஒரு பெரிய வசதி. ஐரோப்பாவில் பஸ் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் போக, மற்ற நாட்களில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆனால் தொலைவு கூடக்கூட உங்கள் நேரம் சாலையோர ஓய்விடங்களில்தான் கழியும். பர்கண்டியில் எங்களுக்கு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம்.

நான் அதிக நேரம் நின்று பார்த்த இடம் போன் என்ற சிற்றூர். அங்கே இருக்கிறது ஓத்தெல் தியூ என்ற பழைய மருத்துவமனை. தெருவில் நின்று பார்த்தால் சாம்பல் நிறக் கற்பலகைக் கூரையும் ஒரு கதவும்தான் தெரியும். உள்முற்றத்தில் கால் வைத்ததும் எங்கள் குழுவே பேச்சை நிறுத்திவிட்டது. சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை என மெருகேற்றிய ஓடுகளை, பத்தமடைப் பாய் பின்னியதுபோல் கோலம் கோலமாக அடுக்கியிருக்கிறார்கள். ஏழைகளுக்குக் கட்டிய மருத்துவமனைக்கு இப்படி ஒரு கூரை!

பர்கண்டிப் பிரபுவிடம் தலைமை அமைச்சராக இருந்த நிக்கோலா ரோலனும் அவர் மனைவி கிகோனும் 1443-ல் இதை நிறுவினார்கள். நூறாண்டுப் போரின் கடைசிக்காலம் அது. ஊரெல்லாம் பஞ்சம், கொள்ளை. 1452 ஜனவரி முதல் தேதி முதல் நோயாளி வந்து சேர்ந்தார். அன்று தொடங்கிய வைத்தியம் 1971 வரை நடந்தது. கிட்டத்தட்ட 520 வருடம்!

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார். பிரான்சில் குழுக்களை அழைத்துக்கொண்டு அருங்காட்சியகத்திலும் நினைவுச்சின்னங்களிலும் விளக்கம் சொல்ல அரசு அங்கீகரித்த தொழில் அட்டை வேண்டும். அவர் கழுத்தில் அது தொங்கியது. ஏழைகளின் கூடம் என்ற நீண்ட மண்டபத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். கவிழ்த்துவைத்த கப்பல் மாதிரி மரக்கூரை. இருபுறமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். கடைசியில் வழிபாட்டிடம். எழுந்து நடக்க முடியாதவர்கூடப் படுத்தபடியே பூசையைப் பார்க்கலாம்.

நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மையார், “குனிந்து தரையைப் பாருங்கள்” என்றார். தரை ஓடுகளில் கணவன் மனைவி இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் பின்னியிருந்தன. கூடவே ‘ஒரே’ என்று பொருள்படும் ஒரு சொல், அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எனக்கு நீ ஒருத்திதான் நட்சத்திரம் என்று ரோலன் தம் மனைவிக்குச் சொன்னது அது. கிகோன் அந்தக் கட்டடத்திலேயே வழிபாட்டிடத்தில் அடக்கமாகியிருக்கிறார். தனியாகப் போயிருந்தால் அந்த ஓடுகளை மிதித்துக்கொண்டு நடந்திருப்போம். நல்ல வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம் மருந்துக்கூடம். வரிசையாகப் பீங்கான் ஜாடிகள், கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் மரப்பேன் பொடி, இன்னொன்றில் நண்டுக்கண் என்றெல்லாம் படித்துக் காட்டிக்கொண்டே வந்தவர், ஒரு ஜாடியில் ‘நுவா வோமிக்’ என்றார். எங்கள் குழுவில் ஒரு சித்த மருத்துவர் இருந்தார். அவர் சட்டென்று என் தங்கையிடம், “அம்மா, இது நம்ம எட்டிக்கொட்டை!” என்றார். உண்மைதான். எட்டி நம் பக்கத்து மரம். சுத்தி செய்து நஞ்சை நீக்காமல் உண்டால் ஆபத்து. அது கடல் கடந்து, ஒரு பிரெஞ்சுச் சிற்றூரின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சித்த மருத்துவர் சுத்திமுறையை விளக்க, அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, வழிகாட்டி அம்மையார் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்ற பழமொழி அந்த இடத்தில் எனக்கு நினைவு வந்தது. ரோலன் வரிபோட்டுப் பலரை ஏழையாக்கியவர், அந்த ஏழைகளுக்குத்தான் மருத்துவமனை கட்டினார் என்று அவரைக் குறைசொல்லும் பேச்சும் உண்டு. இருக்கலாம். ஆனால் கொடுத்தார். அவரைப் பார்த்துப் பிறரும் கொடுத்தார்கள். கோயிலுக்கு நிலம் எழுதிவைப்பதுபோல் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார்கள். இன்று அது சுமார் 60 ஹெக்டேர், ஏறக்குறைய 150 ஏக்கர். அந்தத் தோட்டத்து ஒயினை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் ஞாயிறு அந்த ஏலம் நடக்கும். பணம் ஊரின் இன்றைய மருத்துவமனைக்கும் அறப்பணிக்கும் போகிறது.

வெஸ்லேயைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குன்றின்மேல் ஒரு சிற்றூர், உச்சியில் மகதலா மரியாள் பேராலயம். 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பஸ் அடிவாரத்தோடு சரி. அதற்கு மேல் கல் பாவிய ஏற்றம். ஸ்பெயினில் உள்ள சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரிகர்களுக்கு இங்கிருந்து ஒரு பாதை தொடங்குகிறது. அடையாளமாக வழியில் வெண்கலச் சிப்பிகளைப் பதித்திருக்கிறார்கள். முழங்கால் வலியோடு வந்த மதுரை அக்கா ஒருவர், சிப்பிக்குச் சிப்பி நின்று நின்று மேலே வந்துவிட்டார். ஜூன் 21 வாக்கில், உச்சிவேளையில், ஜன்னல் வழியே விழும் வெயில் ஆலயத்தின் நடுப்பாதையில் வரிசையாக ஒளித்திட்டுகள் போடுமாம். நாங்கள் போனது செப்டம்பர். வெயில் ஓரத்தூண்களில் கிடந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

வெஸ்லேயின் அந்த ஏற்றத் தெருவில்தான் ரோமன் ரோலண்ட் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். காந்தியைப் பற்றியும் ராமகிருஷ்ணர், விவேகானந்தர் பற்றியும் ஐரோப்பாவுக்கு எழுதிச் சொன்னவர். 1944 டிசம்பரில் அங்கேயே இறந்தார். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பர்கண்டிச் சமையல் மாட்டிறைச்சி, நத்தை, ஒயினில் வெந்த கோழி என்றுதான் போகும். சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கும், சாலட்டிலும் பன்றித் துண்டு கிடக்கும். ஊரில் இருக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சிற்றூர்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பல கடைகளைச் சாத்திவிடுவார்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ‘போன்ழூர்’ சொல்லிவிட்டுத்தான் மற்றது. சொல்லாமல் விலை கேட்டால் அங்கே அது மரியாதைக்குறைவு.

கடைசி நாள் ஃபிளாவிஞி என்ற ஊருக்குப் போனோம். அங்கே பழைய மடத்துக் கட்டடத்தில் சோம்பு மிட்டாய் செய்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு சோம்பு. அதன்மேல் சர்க்கரைப்பாகைப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, பட்டாணி அளவு வர 15 நாள் ஆகுமாம். மதுரை அக்கா ஒரு சின்ன டப்பா வாங்கி, பஸ் கிளம்பியதும் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். ஓட்டுநருக்கும்தான். “கடிக்காதீங்க, சோம்பு வர்ற வரைக்கும் சப்புங்க” என்றார். ஜன்னலுக்கு வெளியே மேய்ச்சல் நிலங்களும் வெள்ளை மாடுகளும் போய்க்கொண்டிருந்தன. செமூர் கோட்டையின் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் என் நாக்கில் சோம்பு தட்டுப்பட்டது.