கப்பல் மார்ட்டினிக்ல ஒரு பகல்தான் நிக்குது, எரிமலையைப் பார்க்க முடியுமா?

வணக்கம். அடுத்த கேள்வியை எடுத்துக்குவோம். ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. பார்படோஸ்ல கப்பல் ஏறி கரீபியன் தீவுகளைச் சுத்தப் போறாங்களாம். ஒரு நாள் மார்ட்டினிக்ல ஃபோர்-த-ஃபிரான்ஸ் துறைமுகத்துல காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் கப்பல் நிக்குமாம். "அங்க எரிமலை இருக்காமே, ஏறிப் பார்க்கலாமா? ஆபத்து இல்லையா? எழுபது வயசு அப்பாவும் கூட வர்றார். இல்ல, பேசாம கடற்கரைக்கே போயிடலாமா?" இதுதான் கேள்வி.

நேரா சொல்லிடறேன். மலை ஏற வேண்டாம். ஆனா சான் பியேர் ஊருக்குக் கண்டிப்பா போங்க.

ஏன் ஏற வேண்டாம்னா, மோன் பெலேங்கிற அந்த எரிமலை கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரம். மோர்ன் ரூஜ்ங்கிற ஊர் பக்கத்துல லெய்லரோன்ங்கிற இடம் வரைக்கும் கார் போகும். அங்கிருந்து ஏறி இறங்க நாலஞ்சு மணி நேரம் ஆகும். செங்குத்தான பாதை, பாறை வழுக்கும். முக்கால்வாசி நாள் உச்சியை மேகம் மூடியே இருக்கும். கஷ்டப்பட்டு மேல போனா கண்ணுக்கு முன்னாடி வெள்ளையா ஒரு திரைதான் தெரியும். கப்பல்ல வந்தவங்களுக்கு, அதுவும் அப்பாவைக் கூட்டிட்டு வர்றவங்களுக்கு, அது சரிப்படாது.

இப்ப சான் பியேருக்கு வர்றேன். ஃபோர்-த-ஃபிரான்ஸ்லேர்ந்து வடக்கே கடலை ஒட்டியே ரோடு, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். இன்னைக்குப் பார்த்தா சின்ன, அமைதியான ஊர். ஆனா 1902 வரைக்கும் தீவோட பெரிய ஊரு அதுதான். சர்க்கரையும் ரம்மும் ஏத்திட்டுப் போக விரிகுடா முழுக்கக் கப்பல் நிக்கும். டிராம் வண்டி, நாடக அரங்கு, தாவரவியல் தோட்டம் எல்லாம் இருந்துச்சு. கரீபியனோட பாரிஸ்னே சொல்லுவாங்க.

1902 மே 8, காலையில எட்டு மணி தாண்டி ரெண்டு நிமிஷம். மலை வெடிச்சுது. எரிமலைன்னதும் நமக்கு சிவப்பா உருகி ஓடற குழம்புதான் ஞாபகம் வரும். இங்க வந்தது அது இல்ல. கொதிக்கிற வாயுவும் சாம்பலும் கல்லும் ஒண்ணா சேர்ந்து, தரையை ஒட்டியே மேகம் மாதிரி உருண்டு, மணிக்கு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் வேகத்துல இறங்கிடுச்சு. சில நிமிஷத்துல ஊரே போச்சு. இருபத்தெட்டாயிரம் பேருக்குக் குறையாம செத்தாங்க. விரிகுடாவுல நின்ன கப்பல்கள்ல பெரும்பாலானதும் எரிஞ்சு மூழ்கிடுச்சு. அந்தக் கப்பல்கள் இன்னும் கடலடியிலதான் கிடக்கு, முக்குளிக்கத் தெரிஞ்சவங்க போய்ப் பார்க்கறாங்க.

"மலை புகைஞ்சப்பவே ஏன் கிளம்பலை?"ன்னு எல்லாரும் கேப்பாங்க. அறிகுறி நிறையவே இருந்துச்சு. ஏப்ரல் கடைசியிலேர்ந்து சாம்பல் கொட்டுச்சு. மே 5-ம் தேதி சேறு பாய்ஞ்சு ஒரு சர்க்கரை ஆலையை மூடிடுச்சு. அந்த வாரக் கடைசியில தேர்தல் இருந்ததால ஜனங்களை வேணும்னே போக விடலைன்னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடுது. நான் அதை அப்படியே ஏத்துக்க மாட்டேன். ஆளுநர் லூயி மூத்தே மனைவியோட அந்த ஊருக்கே வந்து தங்கி, அங்கேயே செத்துப் போனார். எரிமலை இப்படியும் வெடிக்கும்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. குழம்பு வந்தா மலைக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தாக்கு தடுத்துடும்னு நம்பினாங்க. சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்க பாதுகாப்புக்குன்னு சான் பியேருக்குள்ளதான் ஓடி வந்தாங்க. அதை நினைச்சா மனசு கனத்துப் போகுது. அதுக்கப்புறம் அல்ஃப்ரெட் லாக்ருவாங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி அங்க வந்து ஆராய்ச்சி பண்ணினார். இந்த மாதிரி வெடிப்புக்கே 'பெலேயன்'னு இந்த மலையோட பேரைத்தான் வச்சிருக்காங்க.

ஊர்ல எதைப் பார்க்கறதுன்னா, முதல்ல அருங்காட்சியகத்துக்குப் போங்க. ஃபிராங்க் பெரேங்கிற அமெரிக்க எரிமலை ஆய்வாளர் 1933-ல தொடங்கினது. நசுங்கிப் போன தேவாலய மணி, வெப்பத்துல உருகி வளைஞ்ச கண்ணாடிப் பொருள்கள் எல்லாம் அங்க இருக்கு. அதைப் பார்த்துட்டு வெளியில வந்து மலையை நிமிர்ந்து பாருங்க, ஏழு கிலோமீட்டர்ங்கிறது எவ்வளவு கிட்டன்னு அப்ப புரியும். அடுத்தது நாடக அரங்கோட இடிபாடு, படிக்கட்டு இன்னும் நிக்குது. அதை ஒட்டியே சிறை. சிப்பாரிஸ்ங்கிற கைதி தடிச்ச கல் அறைக்குள்ள இருந்ததால தீக்காயத்தோட பிழைச்சார். ஊர்ல பிழைச்சது அவர் ஒருத்தர்தான்னு வழிகாட்டிகள் சொல்லுவாங்க, அது சரியில்ல. லெயோன் கோம்பேர்-லெயாந்த்ர்னு செருப்புத் தைக்கிற ஒருத்தரும் ஊர் ஓரத்துல தப்பிச்சார். ஊர் சரிவுல இருக்கு, ஏத்தம் உண்டு, அதனால அப்பாவை நிதானமா நடக்க வைங்க.

ஆபத்து பத்திக் கேட்டிருந்தீங்க. கடைசி வெடிப்பு 1929-லேர்ந்து 1932 வரைக்கும் நடந்துச்சு. மலை தூங்குது, ஆனா சாகலை. 2020 டிசம்பர்ல எச்சரிக்கையைப் பச்சையிலேர்ந்து மஞ்சளுக்கு உயர்த்தினாங்க. தீவுலயே ஆய்வகம் இருக்கு, ராத்திரி பகலா மலையைக் கண்காணிக்கிறாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அறிவிப்பை ஒரு தடவை பார்த்துக்குங்க. அதுக்கு மேல பயப்பட வேண்டாம்.

திரும்பும்போது நேரம் இருந்தா மோர்ன் ரூஜ் வழியா, மழைக்காட்டுக்குள்ள போற பழைய ரோட்டுல வாங்க. வழியில பலாத்தா தோட்டம் இருக்கு. மத்தியானத்துக்கு மேல ஃபோர்-த-ஃபிரான்ஸ் கிட்ட வண்டி நெரிசல் அதிகம், அதனால மூணரைக்குள்ள துறைமுகத்துல இருக்கற மாதிரி கணக்குப் போடுங்க. கப்பல்காரங்களே ஏற்பாடு பண்ற பயணம்னா லேட்டானாலும் காத்திருப்பாங்க. நீங்களே டாக்சி பிடிச்சுப் போனா காத்திருக்க மாட்டாங்க. டாக்சிக்கு யூரோ வேணும், பேரத்தை ஏறறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

கடற்கரை வேணும்னா வடக்கே மணல் கறுப்பு, எரிமலை மண்தான். வெயில்ல சுடும், செருப்போட இறங்குங்க. வெள்ளை மணல் தெற்கே இருக்கு. ரெண்டையும் ஒரே பகல்ல பார்க்கணும்னு ஓடாதீங்க.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும். அடிமை முறை 1848-ல ஒழிஞ்சதும், 1853-லேர்ந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள்லேர்ந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டு போனாங்க. வடக்கே பாஸ்-பொயின்ட் பக்கம் அவங்க வம்சாவளி இன்னும் இருக்காங்க, கோயிலும் இருக்கு. மொழி போயிடுச்சு, ஆனா சமையல்ல மசாலா நிக்குது. ஃபோர்-த-ஃபிரான்ஸ் சந்தையில 'கொலம்போ' பொடி கேட்டு வாங்கி மோந்து பாருங்க. மல்லி, மஞ்சள், சீரகம்னு நம்ம குழம்புப் பொடி வாசம் அடிக்கும்.

விசாவை மட்டும் அசட்டையா விட்டுடாதீங்க. மார்ட்டினிக் பிரான்ஸோட ஒரு பகுதி, ஆனா ஷெங்கன் எல்லைக்குள்ள, அதாவது ஒரே விசாவுல சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகளோட எல்லைக்குள்ள, வராது. கையில ஷெங்கன் விசா இருந்தா போதும்னு நினைச்சுக்காதீங்க. இந்திய பாஸ்போர்ட்டா இருந்தா, இறங்க என்ன வேணும்னு கப்பல் கம்பெனிக்கும் பிரெஞ்சுத் தூதரகத்துக்கும் இப்பவே எழுதிக் கேட்டு, பதிலைப் பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க. சரி, அடுத்த கேள்விக்குப் போலாம்.