வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் மார்க் போச்சு! ஹார்வர்டு எம்பிஏ வகுப்பு எப்படி நடக்கிறது?

பள்ளிக்கூடத்தில் பேசியதற்காகப் பெஞ்ச் மேல் ஏறி நின்றவர்களா நீங்கள்? அப்படியென்றால் இந்த வீடியோ உங்களுக்குத்தான். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பல பாடங்களில் மொத்த மார்க்கில் பாதி வரை வகுப்பில் பேசுவதற்கே போகிறது. பாதி!

வரலாறு சீக்கிரம் முடிக்கிறேன்: அமெரிக்காவில் பிசினஸ் சொல்லித்தர 1881-இல் வார்ட்டன் ஸ்கூல் தொடங்கியது, 1908-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல். போதும்.

(திரையில்: ஒரு பக்கத் தாள்)

1919-இல் ஹார்வர்டுக்கு டீனாக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். சட்ட மாணவர்கள் பழைய வழக்குகளை அலசித்தானே படிக்கிறார்கள், வியாபாரத்தையும் அப்படியே படித்தால் என்ன என்று கிளப்பிவிட்டார். ஒரு கம்பெனியின் சிக்கலை எழுதி, நீங்களே முடிவெடுங்கள் என்று மாணவர்களிடம் கொடுப்பதற்குப் பெயர்தான் கேஸ். 1921-இல் எழுதப்பட்ட முதல் கேஸ், ஜெனரல் ஷூ கம்பெனி. ஒரே பக்கம். தொழிற்சாலையில் ஆட்கள் மணி அடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வேலையை நிறுத்திவிடுகிறார்கள், நீங்கள்தான் மேனேஜர், என்ன செய்வீர்கள்? விடை பின்பக்கத்தில் இருக்காது.

வகுப்பில் ஒருவர் சம்பளத்தைப் பிடி என்பார். இன்னொருவர், அவர்களுக்குத் தினக்கூலியா, ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டா, அதைச் சொல்லாமல் எப்படிப் பிடிப்பாய் என்று மடக்குவார். மூன்றாவது ஆள், போய் அவர்களிடமே காரணம் கேட்டாயா என்பார். எனக்கு இந்த மூன்றாவது ஆளைத்தான் பிடிக்கும். மொத்தத்தில் இது பட்டிமன்றம்தான், ஆனால் இரண்டு அணி கிடையாது, சுமார் 90 பேர் ஆளுக்கு ஓர் அணி, நடுவர் கடைசி வரை தீர்ப்பே சொல்ல மாட்டார், கைதட்டலுக்கு ஜோக் அடித்தால் மார்க்கும் வராது. முன்னால் பெயர் அட்டை இருக்கும், கை தூக்காதவரையும் பேராசிரியர் திடீரென்று பெயர் சொல்லி எழுப்புவார். இரண்டு வருடத்தில் இப்படிச் சுமார் 500 கேஸ். அதனால் முதல் நாள் ராத்திரி படிக்காமல் போக வழியே இல்லை.

சரி, சென்னையில்? எம்பிஏ சேர கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடி, தமிழ்நாட்டின் டான்செட் (TANCET) நுழைவுத் தேர்வு எழுதினால் அண்ணா பல்கலைக்கழகம், இரண்டும் சர்தார் பட்டேல் சாலையிலேயே. அதே சாலையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, ஷூ கேஸுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது சொல்லுங்கள்! இங்கும் எம்பிஏ வகுப்புகளில் கேஸ் உண்டு, ஆனால் நாலு பேர் பிபிடியைப் பார்த்து வாசிக்க மற்றவர்கள் போன் பார்க்கிறார்கள் என்றால் அதற்குப் பெயர் கேஸ் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் பார்க்கிறீர்களா? அந்த முக்கால் மணி நேரத்துக்கு என்ன காரணம் இருந்திருக்கும், கமெண்டில் போடுங்கள். எம்பிஏ படித்தவர்கள் ஒரு நாள் பொறுத்து எழுதுங்கள், ப்ளீஸ்.