ஹாஸ்டலா, வீடா? அதை முதலில் சொல்லுங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் கவுன்சிலிங் முடிந்து கல்லூரி திறக்கப்போகிற இந்த நேரத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். கேமிங் லேப்டாப் வாங்கலாமா, இல்லை அதே காசுக்கு நல்ல டெஸ்க்டாப்பாகப் போட்டுவிடலாமா? கோவை பீளமேட்டில் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் இருக்கிற ஆள் என்பதால் இதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, ஹாஸ்டலா, வீட்டிலிருந்து போய்வருவதா என்பதுதான். இதற்குப் பதில் தெரியாமல் எந்த மாடல், எந்தப் பிராசஸர் என்று பேசுவதெல்லாம் வீண். இரண்டாவது கேள்வி, எதற்கு? உடனே பையன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோடிங்குக்குத்தான் அண்ணா" என்பான். பெண் பிள்ளைகளும் இதில் சளைத்தவர்கள் இல்லை. விளையாடுவது ஒன்றும் குற்றம் இல்லையே, அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிப் பணம் மிச்சமாகும். ஏனென்றால் படிப்புக்கு என்று சொல்லி வாங்கும்போது தினமும் கல்லூரிக்குத் தூக்கிப்போகிற பொருளாக இருக்க வேண்டும் என்று அப்பா நினைப்பார், விளையாடவும் தோதாக இருக்க வேண்டும் என்று பிள்ளை நினைக்கும், கடைசியில் இரண்டுக்கும் பொருந்தாத ஒன்று வீட்டுக்கு வரும்.

படிப்பு என்று மட்டும் பார்த்தால், முதல் வருடம் எழுதுகிற பைத்தான், சி புரோகிராம்களுக்கு, திரையில் படம் வரைகிற வேலைக்கென்றே இருக்கிற கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு சாலிட்வொர்க்ஸ், ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு ரெவிட் என்று டிசைன் சாஃப்ட்வேர் வரும்போதுதான் தனி கிராபிக்ஸ் கார்டு உதவும், அதுவும் பெரும்பாலும் இரண்டாம் வருடத்துக்கு மேல். இந்த இரண்டும் விண்டோஸில் ஓடுபவை, ஆப்பிள் மேக்புக் ஆசை இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஏஐ படிக்கிறோம் என்பவர்களுக்கு பிரவுசரிலேயே கோட் எழுதி கூகுளின் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற கூகுள் கோலாப் இருக்கிறது, கற்றுக்கொள்கிற அளவுக்கு அதில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப் நேரமே போதும்.

இனி விளையாட்டு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், யாரும் பொய் சொல்லாமலேயே. என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4070 என்ற கிராபிக்ஸ் கார்டின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் கார்டில் கணக்குப் போடுகிற கோர் 5,888, 12 ஜிபி மெமரி, 200 வாட் மின்சாரம். லேப்டாப்புக்குள் அதே பெயரில் இருப்பது 4,608 கோரும் 8 ஜிபியும் உள்ள வேறு ஒரு சின்ன சிப். அடுத்து வந்த 5070-லும் இதே கதைதான், டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, லேப்டாப்பில் 8. சரி, லேப்டாப்புக்கு லேப்டாப்பாவது ஒன்றாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. 4060 உள்ள லேப்டாப்பில் அந்தச் சிப்புக்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம், எவ்வளவு என்பதைத் தயாரிக்கிற கம்பெனி தீர்மானிக்கும். பெட்டியின் மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இது இருக்காது, கம்பெனியின் இணையப் பக்கத்தில் டிஜிபி (TGP) என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கடையில் கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்ல முடியாத கடையில் அவசரப்பட்டுக் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் சார்ஜர். வகுப்பில் சார்ஜர் இல்லாமல் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள், குறிப்பு எடுக்க, பிரவுசர் பார்க்க ஓடும்தான். ஆனால் கேம் போட்டதும் வேகம் பாதிக்குமேல் விழுந்துவிடும், காரணம் பேட்டரி. விமானத்தில் 100 வாட்-அவருக்கு மேற்பட்ட பேட்டரியைத் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது என்பதால், எவ்வளவு பெரிய லேப்டாப்பாக இருந்தாலும் 99 சொச்சத்தோடு நின்றுவிடுகிறார்கள். 150 வாட் இழுக்கிற மெஷினை அதில் முழு வேகத்தில் ஓட்டினால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது, அதனால் மெஷின் தானாகவே சுருங்கிக்கொள்ளும். ஆக கேமிங் லேப்டாப் என்பது சுவரோடு கட்டிய லேப்டாப்தான். மெஷின் இரண்டேகால், இரண்டரை கிலோ, கூடவே அரை கிலோவுக்கு மேல் ஒரு அடாப்டர், அதைத் தோளில் போட்டுக்கொண்டு காந்திபுரத்தில் டவுன் பஸ் பிடிக்கிற காட்சியையும் மனதில் ஓட்டிப் பாருங்கள்.

சர்வீஸுக்கு வருகிற மெஷின்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் மேஜை குறுகல், புத்தகம் பாதி இடத்தைப் பிடித்திருக்கும், பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டு மெத்தை மேலேயே வைத்து விளையாடுவார்கள். ஒரு வருடம் கழித்து "அண்ணா, ரொம்ப சூடாகுது, கேம் திக்கித் திக்கி ஓடுது" என்று கொண்டுவருவார்கள். அடிப்பக்கத் தகட்டைக் கழற்றி ஃபேனைத் தூக்கினால், ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் போர்வைப் பஞ்சு, தலைமுடி, தூசி எல்லாம் சேர்ந்து ஒரு பட்டையாக உட்கார்ந்திருக்கும், விளக்குத் திரி மாதிரி ஒரே நீளமாக உருவி எடுக்கலாம். காற்று போக வழியே இல்லை. சூடு தாங்காமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, அதைத்தான் "ஸ்லோ ஆகிடுச்சு" என்கிறார்கள். சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்டை மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். பேட்டரி உப்பிக்கொண்டு டச்பேடைத் தூக்கிவிட்டது என்றால் மட்டும் அதோடு விளையாட வேண்டாம், உடனே அணைத்துவிட்டு மாற்றிவிடுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கிற மெஷின் என்றால் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி இப்போது பெரும்பாலானவற்றில் உண்டு, வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

டெஸ்க்டாப்பில் இந்தத் தொல்லை குறைவு, பக்கவாட்டுக் கதவைக் கழற்றி புளோயரால் ஊதினால் முடிந்தது. போனது எதுவோ அதை மட்டும் மாற்றலாம், கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி, எதுவானாலும். ஏஎம்டி கம்பெனி பிராசஸருக்கான ஏஎம்4 வகை மதர்போர்டு இதற்கு நல்ல சாட்சி. 2017-ல் ஏஎம்டி-யின் ரைசன் பிராசஸர் வந்தபோது வாங்கிய போர்டுகள் பலவற்றில், போர்டுக்குள் இருக்கிற பயாஸ் என்ற அடிப்படை சாஃப்ட்வேரை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரைப் போட முடிந்தது. லேப்டாப்பில் திறனைக் கூட்ட வேண்டும் என்றால் பெரும்பாலும் ரேமும் எஸ்எஸ்டியும்தான் மாற்றலாம், அதிலும் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்த மாடல்கள் உண்டு.

ஆனால் டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லாமல் நம் ஊரில் கதை நடக்காது. வழக்கமாகத் தலையில் கட்டுகிற 600 விஏ யுபிஎஸ் தருவது ஏறக்குறைய 360 வாட், கேம் ஓடும்போது மெஷின் அதற்குமேல் இழுத்தால், கரண்ட் போனதும் யுபிஎஸும் சேர்ந்து போய்விடும். 1,000 விஏ-க்குக் குறையாமல் வாங்குங்கள். ஹாஸ்டலில் டெஸ்க்டாப் வைக்க அனுமதி உண்டா என்று வார்டனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அனுமதித்தாலும் வருடக் கடைசியில் அறையைக் காலி செய்யும்போது மானிட்டரையும் சிபியுவையும் பஸ்ஸில் ஏற்றுகிற பாடு யாருக்கும் வேண்டாம்.

என் அபிப்பிராயம் இதுதான். வீட்டிலிருந்து போய்வருகிற பிள்ளை என்றால் கேமிங் லேப்டாப் வாங்கவே வேண்டாம். விளையாட வீட்டில் ஒரு டெஸ்க்டாப், கல்லூரிக்கு ஒன்றரை கிலோவுக்குள் ஒரு சாதாரண லேப்டாப், பழைய ஆபீஸ் லேப்டாப்பைச் சரிபார்த்து விற்கிறார்களே, அதுவே போதும். ஒன்று மட்டும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஆறாம், ஏழாம் தலைமுறையை மலிவாகத் தருகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து இரண்டு மெஷின் கணக்கு கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது, அப்படியானால் லேப்டாப்பை முதலில் வாங்கிவிட்டு டெஸ்க்டாப்பைத் தள்ளிப்போடுங்கள்.

ஹாஸ்டல், விளையாடாமல் இருக்கவும் முடியாது என்றால் கேமிங் லேப்டாப்தான், வேறு வழியில்லை. ஆனால் ஹாஸ்டல் வைஃபையில் கேம் திறக்குமா என்று சீனியர்களிடம் முதலில் விசாரியுங்கள், பல கல்லூரிகளில் தடுத்துவைத்திருக்கிறார்கள். ரேமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கிறதா, வாரண்டி ஆன்சைட்டா (ஆள் நேரில் வந்து சரிசெய்வதா), படிக்கப்போகிற ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள், நீங்கள் இருக்கிற ஊரில் இருந்து பிரயோஜனம் இல்லை. கல்லூரி திறக்குமுன் வாங்கியே ஆக வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை, லேபில் கம்ப்யூட்டர் இருக்கிறது. தீபாவளி ஆஃபர் வரும்வரை பொறுத்தால் தங்கள் துறைக்கு என்ன சாஃப்ட்வேர் வேண்டும் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். நன்றி, வணக்கம்.