எட்கர் ஸ்ட்ரீட்டில் நின்றவர்கள்

அவையோருக்கு வணக்கம். கால்பந்துக் கழக ரசிகர்களின் நினைவுகளையும் அவர்கள் வீட்டுப் பழைய காகிதங்களையும் எப்படிச் சேகரித்துக் காப்பது என்று, ஹெரிஃபோர்டை உதாரணமாக வைத்துப் பேசப்போகிறேன்.

ரோனி ராட்ஃபோர்டு அடித்த கோலைப் பார்க்காத கால்பந்து ரசிகர் இங்கிலாந்தில் அரிது. 1972 பிப்ரவரி 5, ஹெரிஃபோர்டு ஊரின் எட்கர் ஸ்ட்ரீட் மைதானம். பெரிய கழகமும் சிறிய கழகமும் மோதிக்கொள்ளும் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். புல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு சேறு. எதிரே முதல் டிவிஷன் அணியான நியூகாசில் யுனைடெட். ஹெரிஃபோர்டு யுனைடெட்டோ இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கின் நான்கு டிவிஷன்களுக்கும் வெளியே, சதர்ன் லீக்கில் ஆடிய சிறு கழகம். ராட்ஃபோர்டு தச்சு வேலை பார்த்தவர். சக ஆட்டக்காரர் பிரையன் ஓவனிடம் பந்தைக் கொடுத்து வாங்குகிறார். சேற்றில் குதித்தெழுந்த பந்தை முப்பது கஜத் தொலைவிலிருந்து உதைக்கிறார். பந்து கோலின் மேல் மூலையில் போய் விழுகிறது. பார்க்கா கோட்டு போட்ட சிறுவர்கள் நாலாபுறமிருந்தும் உள்ளே ஓடி வருகிறார்கள்.

இந்தக் கோல்தான் ஆட்டத்தை வென்று கொடுத்தது என்று எத்தனையோ பேர் சத்தியம் செய்வார்கள். அது சரியல்ல. 82-ஆம் நிமிடத்தில் நியூகாசிலின் மால்கம் மெக்டொனால்டு தலையால் முட்டிப் போட்ட கோலைச் சமன் செய்தது மட்டுமே ராட்ஃபோர்டின் கோல். வென்று கொடுத்தவர் ரிக்கி ஜார்ஜ், அதுவும் கூடுதல் நேரத்தில். கால் எலும்பு முறிந்த பிறகும் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்த ரோஜர் கிரிஃபித்ஸுக்கு மாற்றாக உள்ளே வந்தவர் அவர். இரண்டுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. இதற்கு முந்தைய ஆட்டம் ஜனவரி 24-ஆம் தேதி நியூகாசிலில் 2-2 என்று சமனில் முடிந்தது. அதனால் எட்கர் ஸ்ட்ரீட்டில் நடக்கவேண்டியிருந்த இந்த மறு ஆட்டம் மழையால் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே விடை.

கழகத்தை உயிராக நேசிக்கிறவர்களே ஏன் இப்படி மாற்றிச் சொல்கிறார்கள்? ஐம்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி ராட்ஃபோர்டின் கோலைத்தான் போட்டுக் காட்டுகிறது. நேரில் நின்று பார்த்தவரின் கண்ணில் பதிந்ததன் மேல் கேமரா பார்த்தது படிந்துவிடுகிறது. நினைவு சேகரிக்க இறங்குகிறவர்கள் முதலில் அறிய வேண்டியது இதைத்தான். 14,313 பேர் வந்த ஆட்டம் அது. அத்தனை பேரும் அத்தனை இடத்திலிருந்து பார்த்தார்கள். கேமரா பார்த்தது ஒரே இடத்திலிருந்து. நமக்கு வேண்டியது அந்த மற்ற இடங்கள்.

ஆகவே பெரியவர் ஒருவரைப் பேட்டி காணப் போனால், ‘அந்த ஆட்டம் நினைவிருக்கிறதா?’ என்று தொடங்காதீர்கள். டிவியில் பார்த்ததைத்தான் சொல்வார். ‘எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள்? எங்கே நின்றீர்கள், ஒரு கோலுக்குப் பின்னாலுள்ள மெடோ எண்டா, மறு கோலுக்குப் பின்னாலுள்ள பிளாக்ஃபிரையர்ஸ் எண்டா? பக்கத்தில் யார்? முன்னால் நின்றவர் மறைத்தாரா? காலில் என்ன போட்டிருந்தீர்கள்?’ இப்படிக் கேளுங்கள். நின்ற இடம் நினைவுக்கு வந்துவிட்டால் மற்றது தானாக வரும். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர் பந்து பக்கவாட்டில் பறந்ததாகச் சொன்னால், அது கேமராவின் கண். பந்து தன்னை நோக்கி வந்தது என்றோ, தன்னைவிட்டு விலகிப் போனது என்றோ சொன்னால் அது அவருடைய கண். புகைப்படத்தைப் பேட்டியின் பின்பாதியில் மட்டுமே எடுங்கள். முதலிலேயே காட்டினால் படத்தில் இருப்பதைத்தான் வருணிப்பார்.

ஒரு அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், களைத்துவிடுவார்கள். ஒலியை எம்பி3-யில் அல்லாமல் டபிள்யூஏவி கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். மைக் அவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் இருக்கட்டும். சமையலறையில் உட்கார வேண்டாம். ஃபிரிட்ஜின் முனகல் காதுக்குக் கேட்காது, பதிவில் கேட்கும். தொடக்கத்திலேயே பெயர், தேதி, இடம் மூன்றையும் உரக்கச் சொல்லிப் பதியுங்கள். இதைச் செய்யாத ஒலிப்பதிவுகள் பத்து ஆண்டில் யாருடைய குரல் என்றே தெரியாமல் அநாதையாகின்றன.

சொன்னதைப் பிறகு சரிபார்க்க வேண்டும். ஆனால் சொன்னவரைத் திருத்தக் கூடாது. 1997 மே 3 நல்ல உதாரணம். சீசனின் கடைசி ஆட்டம், அதே எட்கர் ஸ்ட்ரீட், எதிரே பிரைட்டன். தோற்கும் அணி லீக்கை விட்டே வெளியேறும். சமனானால் பிரைட்டன் தப்பிக்கும். 1-1 என்று முடிந்தது, ஹெரிஃபோர்டு வெளியேறியது. ‘கோல் வித்தியாசத்தில் போனோம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையில் கோல் வித்தியாசத்தில், அதாவது அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்ததில், ஹெரிஃபோர்டே மேலே இருந்தது: மைனஸ் 15. பிரைட்டன் மைனஸ் 17. இருவருக்கும் 47 புள்ளிகள். அன்றைய விதி அடித்த கோல்களை முதலில் எண்ணியது. பிரைட்டன் 53, ஹெரிஃபோர்டு 50. 1972-இல் லீக்கில் சேர்ந்த கழகத்தின் 25 ஆண்டு லீக் வாழ்வு அந்த மூன்று கோலில் போயிற்று. ஒருவர் தவறாகச் சொன்னாலும் அவர் வாய்ச்சொல்லை அப்படியே எழுதி, கீழே சரியான கணக்கைத் தனியாகக் குறியுங்கள். அவர் எப்படித் தாங்கிக்கொண்டார் என்பதும் வரலாறுதான்.

இனி காகிதம். ரசிகர்கள் வீட்டில் அதிகம் கிடைப்பது ஆட்டத்தன்று விற்கும் புரோகிராம் என்ற சிறு கையேடு. முதல் எதிரி அதன் நடுவிலிருக்கும் இரண்டு கம்பிப் பின்கள். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், துரு காகிதத்தைத் தின்று நடுப்பக்கம் கழன்று வரும். பின் பிடுங்கும் கருவியைப் போட்டு இழுத்தால் காகிதம் கிழியும். நடுப்பக்கத்தைத் திறந்து வைத்து, பின்னின் மடங்கிய இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, பிறகு முதுகுப்புறமிருந்து உருவுங்கள். அதே துளைகளில் பருத்தி நூலைக் கோத்து முடியலாம்.

பி.வி.சி. உறை கூடவே கூடாது. நாள்பட அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை அச்சு மையை இழுத்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். செய்தித்தாள் வெட்டுத்துண்டை புரோகிராமுக்குள் செருகி வைப்பது பலருக்கும் பழக்கம். அதன் அமிலம் எதிர்ப் பக்கத்தில் பழுப்புச் சதுரமாக இறங்கிவிடும், தனி உறையில் போடுங்கள். பழைய செல்லோடேப்பை உரிக்க முயலாதீர்கள், அச்சும் சேர்ந்து வரும். பதிவு எண் எழுத மென்மையான பென்சில் போதும்.

தேதி இல்லாத புரோகிராம் கையில் வந்தால் விலையைப் பாருங்கள். 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது. ‘டி’ என்ற பழைய பென்னிக் குறி இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது, ‘பி’ இருந்தால் பிந்தையது. ஜான் சார்ல்ஸ் ஆட்டக்காரராகவோ மேலாளராகவோ பட்டியலில் இருந்தால் 1966-க்கும் 1971-க்கும் இடையே. ஆம், இங்கிலாந்தின் லீட்ஸிலும் இத்தாலியின் யுவென்டஸிலும் ஆடிப் பெயர்பெற்ற அதே ஜான் சார்ல்ஸ்தான். அந்த ஆள் இந்தச் சிறு மைதானத்தில் ஓடினார் என்பதை எத்தனை முறை சொன்னாலும் வியப்பு தீராது.

புகைப்படத்தை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும். பெயர்கள் இருப்பது அங்கேதான். அச்சிட்ட படத்தை ஸ்கேன் செய்யும்போது புள்ளிக்கோலம் அலையலையாகத் தெரிந்தால், ஸ்கேனரில் ‘டிஸ்கிரீன்’ என்ற வசதியை இயக்குங்கள். ஆனால் அது இல்லாத ஒரு பிரதியையும் வைத்திருங்கள். எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில்.

கடைசியாக, யாருடைய பொருள் என்ற கேள்வி. 2014 டிசம்பர் 19 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் ஹெரிஃபோர்டு யுனைடெட்டைக் கலைத்தது. 1924-இல் பிறந்த கழகம் கடனில் முடிந்தது. நிறுவனம் ஒன்று இப்படிக் கலைக்கப்பட்டால் அதன் பெயரிலுள்ள கோப்பை, பதிவேடு, சுவரில் மாட்டிய படம் எல்லாம் கடன்காரர்களுக்காக விற்கத்தக்க சொத்தாகிவிடும். அன்போடு கழகத்துக்குக் கொடுத்த ஆல்பமும் அதில் சேரும். அதனால் ஆல்பத்தைக் கழக அலமாரிக்குக் கொடுக்காதீர்கள். ரசிகர் சங்கத்தின் பெயரிலோ ஊர் ஆவணக் காப்பகத்திலோ, இரவலா நன்கொடையா என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஒப்படையுங்கள்.

ரசிகர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஹெரிஃபோர்டு எஃப்.சி. என்று புதிதாகத் தொடங்கி, 2015-இல் மிட்லண்ட் லீக்கில் ஆடினார்கள், அதே எட்கர் ஸ்ட்ரீட்டில். அடுத்த மே மாதம், சிறு கழகங்களுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையின் இறுதி ஆட்டம், லண்டனின் வெம்பிளி மைதானத்தில். இரண்டாம் நிமிடத்திலேயே கோல் அடித்து, பிறகு மார்பெத் டவுனிடம் 4-1 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் இன்னும் இளமையாக இருக்கிறார்கள். எங்கே உட்கார்ந்தார்கள், பக்கத்தில் யார் என்று அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதத் தொடங்குங்கள்.