முதலில் யானைப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

நிலையத்திலிருந்து கூப்பிட்டவர், "சார், நீங்கள் பொம்மைப் படை வைத்து விளையாடுகிறவராமே, அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேச முடியுமா?" என்று கேட்டார். சரி என்றேன். "பேச வைப்பது பெரிய விஷயமில்லை, நிறுத்துவதற்கு ஆள் வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டாள் என் மனைவி. பார்ப்போம்.

சாப்பாட்டு மேசையில் ஒரு பச்சைப் போர்வையை விரித்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு புத்தகத்தைச் செருகினால் அது குன்று. நீல ரிப்பனை வளைத்துப் போட்டால் ஆறு. இரு கரையிலும் ஈயப் பொம்மை வீரர்கள், ஆளுக்கு 15 மில்லிமீட்டர் உயரம். வண்ணம் தீட்டி, நாலு நாலு பேராக ஒரு சின்ன அட்டையில் ஒட்டியிருக்கும். அந்த அட்டையைப் பேஸ் என்போம். அளந்து அளந்து நகர்த்த வேண்டும், மோதினால் பகடை உருட்ட வேண்டும். இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை.

இன்றைக்கு நான் பேச வந்தது விதிகளைப் பற்றி. தாயம் விளையாடியவர்களுக்கு இது புரியும். கோடை விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போனால் முதல் சண்டையே "எங்கள் ஊரில் அப்படி இல்லை" என்றுதான் தொடங்கும். காயை வெட்டினால் இன்னொரு முறை உருட்டலாமா, வெட்டாமல் பழம் ஏறலாமா, எல்லாம் ஊருக்கு ஊர் வேறு. எங்கள் போர் விளையாட்டும் அப்படித்தான். ஆனால் அத்தை வீட்டுக்குப் பதில் அச்சிட்ட விதிநூல்கள், அதுவும் டஜன் கணக்கில். கிரேக்கரும் ரோமரும் பாரசீகரும் சண்டை போட்ட பழங்காலத்துக்கு மட்டுமே அத்தனை.

ஏன் இத்தனை? நெப்போலியன் காலப் படைகளுக்கு அச்சிட்ட பயிற்சிக் கையேடுகள் இருக்கின்றன. பழங்காலத்துக்கு அப்படியில்லை. அலெக்சாந்தரின் போர்களைப் பற்றி நாம் நம்பிப் படிக்கும் ஆரியன் (Arrian) என்ற கிரேக்க எழுத்தாளர், அலெக்சாந்தர் இறந்து நானூறு வருடத்துக்கும் மேல் கழித்து எழுதியவர். இரண்டு ஈட்டி வரிசைகள் முட்டிக்கொண்டால் உண்மையில் என்ன நடந்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே விதிநூல் எழுதுகிற ஒவ்வொருவரும் தம் கட்சியை வைத்துத்தான் எழுதுகிறார். நாம் காசு கொடுத்து வாங்குவது ஒருவருடைய அபிப்பிராயத்தை.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். என் முதல் ஆட்டம் ஒரு தேவாலயக் கூடத்தில் நடந்தது. எதிரே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பொறுமைசாலி. "நீ இந்தியாக்காரன், நீதான் போரஸ்" என்று சொல்லிவிட்டார். நம் பள்ளிப் பாடத்தில் வரும் புருஷோத்தமன், அலெக்சாந்தரை எதிர்த்து நின்ற ராஜா. கி.மு. 326, ஜீலம் ஆற்றங்கரை. கிரேக்கர்கள் அதை ஹைடாஸ்பஸ் என்பார்கள். போரஸிடம் 200 யானை, 300 தேர், 4,000 குதிரை, 30,000 காலாள் என்று ஆரியன் கணக்குச் சொல்கிறார். யானை, தேர், குதிரை, காலாள். கவனித்தீர்களா? நாலு அங்கம், சதுர் அங்கம். சதுரங்கப் பலகையில் அடுக்குவோமே, அதே படை.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். அந்த விதிநூலின் பெயர் வேண்டாம், தடிமன் மட்டும் சொல்கிறேன்: சின்ன ஊர் டெலிபோன் டைரக்டரி. அம்பு விட்டால் ஓர் அட்டவணை. எதிரி கேடயம் வைத்திருந்தால் ஒன்று கழி, பக்கவாட்டில் இருந்தால் இரண்டு கூட்டு, நின்றபடி எய்தால் ஒன்று, நடந்தபடி எய்தால் வேறொன்று. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த அட்டவணைக்குப் போக வேண்டும். பிறகு செத்தது எத்தனை பேர், மிச்சம் எத்தனை பேர் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். ஒரு அம்பு மழைக்கு இருபது நிமிடம். நடுவில் சாண்ட்விச். நாலு மணிக்குக் கூடத்துக்காரர் வந்து, குழந்தைகளின் நடன வகுப்புக்கு இடம் வேண்டும் என்றார். என் யானைக்கும் அவருடைய ஈட்டிக்காரருக்கும் நடுவே மூன்று விரற்கடை இருந்தது. ஆறு மணி நேரம் ஆடியும் யானை யாரையும் தொடவில்லை!

நேரம் போனதுகூடப் பரவாயில்லை. பெட்டியில் யானைகளை அடுக்கும்போது வேறொன்று உறைத்தது. அந்த ஆறு மணி நேரமும், நான் நினைத்த ஒவ்வொரு ஆளும் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போனான். கேடயத்தின் தோல் வரைக்கும் கணக்குப் பார்த்த அந்தப் புத்தகம் தளபதியை மட்டும் கடவுளாக்கிவிட்டது. யானைக்கு யானை 100 அடிக்குக் குறையாத இடைவெளி என்கிறார் ஆரியன். பெருக்கிப் பாருங்கள். ஒரே வரிசையென்றால் 20,000 அடி, ஆறு கிலோமீட்டர். முந்தின இரவு இடியும் மழையும், தரையெல்லாம் சேறு. தேர்கள் சேற்றில் மாட்டின, நீண்ட வில்லைத் தரையில் ஊன்ற முடியாமல் வழுக்கியது என்று ரோம வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதுகிறார். அந்த வரிசையின் ஒரு கோடியில் நிற்கிற போரஸ், மறு கோடிக்கு எப்படிச் செய்தி அனுப்புவான்?

ஆக, விதிநூல் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்பது இதைத்தான். வாள் எத்தனை கூர்மை என்பது எனக்கு இரண்டாம்பட்சம். தளபதியால் எதைச் செய்ய முடியாது? அதை இந்தப் புத்தகம் சொல்கிறதா?

அதே தபால்காரர் அடுத்த மாதம் ஒரு மெல்லிய புத்தகத்தோடு வந்தார். பெயர் டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ், டி.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஃபில் பார்க்கரும் ரிச்சர்ட் பாட்லி ஸ்காட்டும் எழுதி 1990-இல் வந்தது. ஆளுக்குப் பன்னிரண்டே பேஸ், அதற்கு மேல் கிடையாது. இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் முறை வந்ததும் ஒரு ஆறுமுகப் பகடையை உருட்டுகிறீர்கள் (முருகன் மன்னிப்பாராக). விழுந்த எண்தான் இந்த முறை நீங்கள் போடக்கூடிய கட்டளைகளின் எண்ணிக்கை. சேர்ந்து நிற்கும் வரிசையை ஒரே கட்டளையில் நகர்த்தலாம். வரிசை உடைந்துவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டளை வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு விழுந்தாலே போதும், ராஜா மாதிரி இருப்பீர்கள். அரை மணி கழித்துப் படை சிதறிக் கிடக்கும்போது நாலு விழுந்தாலும் பற்றாது.

மறுபடியும் ஜீலம், மறுபடியும் நான்தான் போரஸ். இடது பக்கம் அவருடைய குதிரைகள் சுற்றி வருகின்றன. உருட்டினேன், ஒன்று விழுந்தது. வலது பக்க யானைகளை முன்னே விடுவதா, இடது பக்கம் திருப்புவதா? ஏதாவது ஒன்றுதான். மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நாற்பத்தைந்து நிமிடத்தில் நாலு பேஸ் போய்த் தோற்றேன். பன்னிரண்டில் நாலு போனால் ஆட்டம் முடிந்தது. ஆனால் அன்று இரவு தூங்கும்போது போரஸின் கஷ்டம் எனக்குத் தெரிந்திருந்தது. பார்க்கரின் வாக்கியங்கள் பத்திரப் பதிவு ஆபீஸ் பத்திரம் மாதிரி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு முறை மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் முடியாது.

இப்போது யானைக்கு வருகிறேன். தயாரிப்பாளர் முகத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. இருந்தாலும் வருகிறேன். புது விதிநூல் கைக்கு வந்தால் நான் முதலில் திருப்புவது யானைப் பக்கம்தான். யானையைச் சரியாக எழுதியவர் மற்றதையும் யோசித்துத்தான் எழுதியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை. யானையை வெறும் டாங்கியாக எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். கி.மு. 217, ராஃபியா போர். எகிப்து அரசன் தாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானை, சிரியா அரசன் அந்தியோக்கஸிடம் 102 இந்திய யானை. நம் யானைகளின் வாடையும் பிளிறலும் தாங்காமல் தாலமியின் யானைகளில் பெரும்பாலானவை தம் படை மேலேயே பின்வாங்கின என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ். ஆனால் கடைசியில் ஜெயித்தது தாலமிதான். கி.மு. 202-இல் ஸாமா போரில் ரோமத் தளபதி ஸிப்பியோ தன் படைக்கு நடுவே சந்து சந்தாக வழி விட்டு வைத்தார். எதிரே நின்ற கார்தேஜ் தளபதி ஹன்னிபாலின் யானைகளில் சில எக்காளச் சத்தத்தில் மிரண்டு சொந்தக் குதிரைப்படைக்குள் ஓடின, சில அந்தச் சந்துகள் வழியாகப் போய்விட்டன. இன்னொன்றும் உண்டு. ஹன்னிபாலின் தம்பி ஹஸ்த்ருபாலின் பாகர்கள் கையில் உளியும் சுத்தியலும் இருந்தனவாம். யானை மதம் கொண்டு சொந்தப் படை மேல் திரும்பினால், பாகனே அதன் பிடரியில் உளியை வைத்து அடித்துவிடுவான். கி.மு. 207-இல் மெடாரஸ் போரில், எதிரி கொன்றதைவிடப் பாகர்கள் கொன்ற யானைகளே அதிகம் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கூடவே வளர்த்த பாகன்!

எனவே நான் தேடுவது: குதிரை யானையைக் கண்டு அஞ்சுகிறதா, இலேசான ஈட்டி எறிகாரர்கள் யானையைச் சாய்க்க முடிகிறதா, மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடுகிறது? டி.பி.ஏ.-யில் எறிகாரர்களிடம் ஒருமுறை தோற்றாலே யானை போய்விடும், அது சரி. மிரண்டு ஓடுவதை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

மற்ற விதிநூல்களை வேகமாகச் சொல்கிறேன். ரிக் ப்ரீஸ்ட்லியின் ஹெயில் சீசர், 2011. என்ன செய்யப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு இரண்டு பகடை உருட்ட வேண்டும். "இடதுபுறக் குதிரை குன்றைச் சுற்றிப் போகட்டும்" என்று முழங்கிவிட்டுப் பகடை கைவிட்டால் குதிரை அப்படியே நிற்கும், சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நண்பர்கள் கூடும் பெரிய மேசைக்கு அதுதான் லாயக்கு. சைமன் மில்லரின் டு தி ஸ்ட்ராங்கஸ்ட், 2014. அளவுகோலும் கிடையாது, பகடையும் கிடையாது. மேசையைக் கட்டம் கட்டி, சீட்டுக்கட்டில் படச் சீட்டுகளை எடுத்துவிட்டு ஆடுவது. ஒரு படை ஒரே முறையில் மறுபடி நகர வேண்டுமானால் முன்னதைவிடப் பெரிய எண் விழ வேண்டும். எட்டு விழுந்த பிறகும் இன்னொரு சீட்டு எடுக்கத் துணிகிறீர்களா என்பதுதான் விளையாட்டே. இரண்டு மில்லிமீட்டருக்காகச் சண்டை போடுகிற நண்பர்கள் இருந்தால் கட்டம் நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பசையைத் தொடாதீர்கள். 15 மில்லிமீட்டர் பொம்மைக்கு 40 மில்லிமீட்டர் அகலப் பேஸ் என்பது பார்க்கர் தரப்பு விதிகளிலிருந்து பரவி, பல நூல்கள் ஏற்றுக்கொண்ட அளவு. நான் ஆர்வக்கோளாறில் வேறொரு விதிக்காக ஒவ்வொரு வீரனையும் தனித்தனியாக ஒட்டி, இரண்டு வருடம் கழித்து நூற்று அறுபது பேரையும் சமையலறைக் கத்தியால் பெயர்த்தேன். கணுக்கால் முறிந்தவர்கள் பலர். பக்கத்தில் யார் எதை ஆடுகிறார்களோ, அதை விசாரித்துவிட்டு ஒட்டுங்கள்.

நம் ஊர்ப் படை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. பார்க்கரின் படைப் பட்டியல்களில் தமிழ் இந்தியரையும் சிங்களவரையும் ஒரே தலைப்பில் போட்டிருக்கிறார்கள். அதை முதலில் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது.

எந்த விதி சரி என்று ஒப்பிட, 1965-இல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ் என்ற சங்கத்தார் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே போரைப் பல மேசைகளில், மேசைக்கு ஒரு விதியாக ஆடுகிறார்கள். ஒரு மேசையில் ரோமர் ஜெயிப்பார்கள், அடுத்த மேசையில்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். தனியாக ஆடுவதைப் பற்றி நிறைய எழுதி வந்திருந்தேன், அந்தத் தாளை மடித்து வைத்துவிடுகிறேன். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் ஆட்டத்துக்குப் பொம்மை வாங்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையை 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு துண்டு. பேனாவால் ஈட்டி, வில், குதிரை என்று எழுதுங்கள். யானைக்கு மட்டும் சதுரமாக வெட்டுங்கள், அதற்கு இடம் அதிகம் வேண்டும். ஒரு விரல்தான் காட்டுகிறார்கள் இப்போது. வணக்கம்.